மருந்தைச் செலுத்தும் சிறு பம்புகள்: அவை உருவாகும் விதமும் நாம் கொள்ள வேண்டிய கவனமும்

புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகள் சிலரின் இடுப்பில் ஒரு சிறு பை தொங்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். அப்பையினுள் ஒரு பிளாஸ்டிக் குடுவை. குடுவையினுள் மருந்து நிரம்பிய ரப்பர் பலூன். அதிலிருந்து புறப்பட்டு மார்பிலுள்ள கீமோ போர்ட்டைச் சென்றடையும் மெல்லிய குழல். அவ்வளவே. மின்கலம் இல்லை, பொத்தான் இல்லை, விளக்கு இல்லை, ஒலியும் இல்லை. "இது உண்மையிலேயே வேலை செய்கிறதா?" என்று எங்களிடம் கேட்காத குடும்பத்தினர் அரிது. அக்கேள்வி மிகவும் நியாயமானது.

எங்கள் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுகிறோம். பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர், 46 மணி நேரம் மருந்து செலுத்தும் பம்புடன் ஒரு மாலைப்பொழுதில் வீடு சென்றார். மறுநாள் காலை அவருடைய மனைவி எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். "நேற்றுப் புறப்படும்போது பலூனைப் படம் எடுத்து வைத்திருந்தேன். இன்று பார்த்தால் கொஞ்சம்கூடச் சிறுத்ததாகத் தெரியவில்லை" என்றார். குழலிலுள்ள கிளாம்பைப் பார்க்கச் சொன்னோம். அது மூடியிருந்தது. திறக்க மறந்தவர்கள் நாங்கள்தாம். அவர்களை உடனே வரவழைத்து, போர்ட்டைக் கழுவிச் சரிபார்த்து, சிகிச்சையை மீண்டும் தொடங்கினோம். அன்று முதல் எந்தப் பம்பும் எங்கள் பிரிவை விட்டுச் செல்லும் முன், கிளாம்ப் திறந்திருப்பதை இருவர் தனித்தனியே சரிபார்க்கின்றனர்.

அந்த அம்மையாருக்கு மருத்துவப் பயிற்சி ஏதுமில்லை. பலூன் சிறுக்க வேண்டும் என்ற ஒரே செய்தியை மட்டும் அவர் அறிந்திருந்தார். ஒரு பம்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவரால்தான் அது இயங்காமல் நிற்பதைக் கண்டுகொள்ள முடியும். ஆகவே, இவ்விதழின் பாடமாகச் சிறு பம்புகளை எடுத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு சிறிய அளவு?

மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். 20 சொட்டுகள் சேர்ந்தால் 1 மில்லிலிட்டர் ஆகும் வகையிலான குழலில், ஒரு சொட்டின் அளவு 50 மைக்ரோலிட்டர். ஒரு மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரோலிட்டர் ஆகும்.

இனி இன்சுலின் பம்பை நோக்குவோம். 1 மில்லிலிட்டரில் 100 யூனிட் கொண்ட இன்சுலினில், ஒரு யூனிட் என்பது 10 மைக்ரோலிட்டர். பல இன்சுலின் பம்புகள் 0.05 யூனிட் வரை நுணுக்கமாக மருந்தளிக்கக் கூடியவை. அது வெறும் அரை மைக்ரோலிட்டர். அதாவது, நாம் பார்த்த அந்த ஒரு சொட்டின் நூறில் ஒரு பங்கு. குழந்தை ஒன்றின் சர்க்கரை அளவு இத்தகைய நுண்ணிய அளவுகளைச் சார்ந்து நிற்கிறது.

ஆய்வுக்கூடங்களில் உருவாகும் நுண்பாய்மச் சில்லுகளில் அளவு இன்னும் சிறியது. அஞ்சல் தலை அளவுள்ள தகட்டில் தலைமுடியை ஒத்த கால்வாய்கள் அமைத்து, ஒரு துளி இரத்தத்தையோ சில உயிரணுக்களையோ அவற்றின் வழியே செலுத்திச் சோதிப்பதே நுண்பாய்மவியல் எனப்படும் துறை. அங்கே பேசப்படும் அளவு நானோலிட்டர். மைக்ரோலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பம்பு என்பது யாது?

எந்தப் பம்புக்கும் தேவையானவை இரண்டு. ஒன்று, நீர்மத்தைத் தள்ளும் விசை. மற்றொன்று, நீர்மம் திரும்பி வராமல் ஒரே திசையில் செல்வதற்கான ஏற்பாடு. இவ்விரண்டும் நம் உடலிலேயே உள்ளன. இதயம் சுருங்கித் தள்ளுகிறது; அதன் வால்வுகள் இரத்தம் பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கின்றன. குடலோ வேறொரு வழியைக் கையாளுகிறது. அது வரிசையாகச் சுருங்கி விரியும் ஓர் அலையை உண்டாக்குகிறது. அவ்வலை உணவை முன்னே நகர்த்துகிறது.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் இந்த இரண்டாம் வழியைக் கண்ணெதிரே காணலாம். இயந்திரத்தின் முகப்பில் சுழலும் உருளைகள் ஒரு மென்குழலை அழுத்திக்கொண்டே நகர்கின்றன. அழுத்தப்பட்ட இடத்துக்கு முன்னால் உள்ள இரத்தம் முன்னே செல்கிறது. உருளை இரத்தத்தைத் தொடுவதில்லை. குழலை மட்டுமே தொடுகிறது. இரத்தம் படும் பகுதி முழுவதும் கிருமிநீக்கம் செய்யப்பட்ட குழலாகவே இருப்பதற்கு இவ்வமைப்பு உதவுகிறது.

அசையும் உறுப்பே இல்லாத பம்பும் உண்டு. வீட்டில் சர்க்கரை அளவைப் பார்க்கும் பட்டையின் முனையை இரத்தத் துளியில் வைத்தவுடன், அது தானே இரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பட்டையினுள் உள்ள மெல்லிய இடைவெளியின் சுவர்களில் நீர்மம் ஒட்டிப் பரவும் இயல்பே அங்கே தள்ளும் விசையாகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வாறே.

இடுப்பில் தொங்கும் பலூன் பம்பில், விரிந்த ரப்பர் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதே விசை. ஆனால் பலூனை மட்டும் விட்டால் மருந்து முழுவதும் விரைவில் வெளியேறிவிடும். எனவே குழலின் ஓரிடத்தில் மிகமிகக் குறுகலான ஒரு நுண்புழை பொருத்தப்படுகிறது. மருந்து எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த நுண்புழையே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் முக்கியத்துவத்தைப் பின்னர்க் காண்போம்.

மென்மையே வலிமை

இச்சிறு பம்புகளைப் பாலிமர் எனப்படும் பலபடிப் பொருள்களால் செய்வதற்குக் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் நுண்பம்புகளைக் கணினிச் சில்லுகளுக்குப் பயன்படும் சிலிக்கானில் செதுக்கினர். சிலிக்கான் மிகவும் விறைப்பானது. அதில் செய்த மெல்லிய சவ்வைச் சிறிதளவு வளைப்பதற்கே பெருவிசை தேவைப்பட்டது. சிலிகோன் ரப்பரோ அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் நெகிழ்வானது. பெயர்கள் ஒலியில் நெருங்கியிருந்தாலும் பொருள்கள் வேறு. சிலிகோன் ஒளி ஊடுருவக் கூடியது. அச்சில் வார்க்க எளியது. உயிரணுக்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாதது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் 1990களில் இந்த ரப்பரில் நுண்ணிய வடிவங்களை வார்க்கும் முறைகளை வளர்த்தெடுத்தனர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீபன் குவேக் குழுவினர் 2000ஆம் ஆண்டில், முழுவதும் ரப்பராலேயே ஆன வால்வுகளையும் பம்புகளையும் செய்து காட்டினர். அவற்றின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது.

கீழடுக்கில் நீர்மம் செல்லும் கால்வாய் ஒன்று. மேலடுக்கில் அதைக் குறுக்கே கடக்கும் மூன்று காற்றுக் கால்வாய்கள். இரண்டு அடுக்குகளுக்கும் இடையே சுமார் 30 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சவ்வு; ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காற்றுக் கால்வாயில் அழுத்தம் கொடுத்தால் சவ்வு கீழே புடைத்து, நீர்மக் கால்வாயை அடைத்துவிடும். அழுத்தத்தை விட்டால் ரப்பர் தானே மேலெழுந்து வழிவிடும். மூன்று இடங்களையும் வரிசையாக மூடித் திறந்தால், குடலில் உணவு நகர்வதுபோல் நீர்மம் முன்னே நகரும்.

அந்தப் பம்பு உச்ச வேகத்தில் தள்ளிய அளவு, வினாடிக்கு இரண்டு நானோலிட்டருக்குச் சற்று மேல். இந்த வேகத்தில், நாம் முன்பு கண்ட ஒரே ஒரு சொட்டைச் செலுத்த ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். ஒற்றை உயிரணுவைப் பிரித்தெடுத்துச் சோதிக்கும் பணிக்கு இதுவே தகுந்த வேகம்.

எவ்வாறு செய்கின்றனர்?

முதலில் அச்சு. வழவழப்பான சிலிக்கான் தகட்டின் மீது ஒளி பட்டால் தன்மை மாறும் பூச்சு ஒன்றைச் சீராகப் பரப்புகின்றனர். கால்வாய்களின் வரைபடம் கொண்ட மறைப்பை அதன் மேல் வைத்துப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுகின்றனர். பின்னர்க் கரைசலில் கழுவினால், கால்வாய் வர வேண்டிய இடங்களில் மட்டும் பூச்சு மேடாக எஞ்சி நிற்கும். கொழுக்கட்டை அச்சில் பள்ளமாக உள்ளது மாவில் மேடாக வருவதுபோல, இந்த மேடுகள் ரப்பரில் பள்ளங்களாக மாறும்.

அச்சு மேட்டின் வடிவம் இங்கே முக்கியம். அதன் குறுக்குவெட்டு சதுரமாக இருந்தால், சவ்வு கீழே அழுந்தும்போது இரு மூலைகளிலும் இடைவெளி எஞ்சி நீர்மம் கசியும். எனவே பூச்சைச் சற்றே சூடாக்கி உருகச் செய்து, மேட்டை வளைவாக்குகின்றனர். வளைந்த கால்வாய் முழுமையாக மூடிக்கொள்ளும். சிறிய வளைவு ஒன்றுதான். ஆனால் ஒழுகும் வால்வுக்கும் ஒழுகாத வால்வுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

அடுத்து வார்ப்பு. தேன் போன்ற சிலிகோன் கூழுடன் அதைக் கெட்டிப்படுத்தும் பொருளைக் கலக்கின்றனர். பொதுவாக எடையில் பத்துக்கு ஒன்று. கலக்கும்போது காற்றுக் குமிழிகள் புகும். அவற்றை வெற்றிடக் கலத்தில் வைத்து முற்றிலும் நீக்க வேண்டும். ஒரு குமிழி எஞ்சினாலும் அவ்விடத்தில் சவ்வு கிழியக் கூடும். பின்பு கூழை அச்சில் ஊற்றி மிதமான வெப்பத்தில் வேகவைக்கின்றனர். கெட்டியானதும் உரித்தெடுத்து, நீர்மம் புகவும் வெளியேறவும் துளைகள் இடுகின்றனர்.

இறுதியாக ஒட்டுதல். பசை தடவினால் அது நுண்கால்வாய்களை அடைத்துவிடும். எனவே ஓர் அடுக்கில் கெட்டிப்படுத்தும் பொருளை மிகுதியாகவும் மற்றோர் அடுக்கில் குறைவாகவும் கலந்து, இரண்டையும் அடுக்கிச் சூடாக்குகின்றனர். எல்லையில் அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து ஒரே ரப்பராகிவிடுகின்றன. கண்ணாடியுடன் ஒட்ட வேண்டுமெனில், ஆக்சிஜன் பிளாஸ்மாவால் இரு பரப்புகளையும் சில வினாடிகள் பதப்படுத்தி இணைக்கின்றனர்.

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சில்லு நேராக நோயாளியின் உடலுக்கு வந்துவிடுவதில்லை. சிலிகோன் ரப்பர் சில மருந்துகளைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். பம்பில் ஊற்றிய அளவும் வெளியே வரும் அளவும் வேறுபடும். நீராவியையும் அது கசியவிடும். எனவே எந்த மருந்துக்கு எந்தப் பலபடி ஏற்றது என்பதைத் தனித்தனியே சோதிக்க வேண்டியுள்ளது. பெருமளவில் உற்பத்தி செய்யும்போது பாலிகார்பனேட் போன்ற உறுதியான பிளாஸ்டிக்குகளையும் பயன்படுத்துகின்றனர். "புதிய கருவி கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தோமே, இங்கே ஏன் இன்னும் வரவில்லை?" என்று நீங்கள் கேட்பதுண்டு. இத்தகைய சோதனைகளே அத்தாமதத்தின் பெரும்பகுதி. அத்தாமதம் உங்கள் பாதுகாப்புக்கானது.

ஒரு மருத்துவர் கண்ட விதி

பாரிஸ் நகரில் வாழ்ந்த புவாசெய் என்னும் மருத்துவர், உடலின் நுண்ணிய நாளங்களில் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிய விரும்பினார். மெல்லிய கண்ணாடிக் குழல்களில் நீரைச் செலுத்தி அளந்த அவர், தம் முடிவுகளை 1840களில் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் தனியே அதே விதியை எட்டினார். நுண்பம்பு வடிவமைப்போர் இன்றும் நாடுவது அவ்விதியையே.

அவ்விதியின்படி, குழலின் விட்டம் பாதியானால் அதன் வழியே செல்லும் நீர்மம் பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. விட்டம் பத்து விழுக்காடு மட்டும் குறைந்தால்கூட, ஓட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். குழல் சற்றே மடங்கினாலோ, மருந்தின் படிகம் ஒன்று நுண்புழையில் தங்கினாலோ சிகிச்சையின் வேகமே மாறிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அதே விதியில் நீர்மத்தின் பாகுநிலைக்கும் இடமுண்டு. நல்லெண்ணெயைச் சூடாக்கினால் நீர்போல் ஓடுவதை அறிவோம். நீர் போன்ற மருந்துக் கரைசலும் வெப்பத்தில் இளகும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஓட்டம் சுமார் இரண்டு விழுக்காடு மாறும். பல பலூன் பம்புகளில் நுண்புழையை உடலோடு ஒட்டி வைக்கச் சொல்வது இதனால்தான். தோலின் வெப்பம் பெரும்பாலும் மாறாதது. அவ்வெப்பத்தைக் கணக்கிட்டே அந்த நுண்புழை செய்யப்பட்டுள்ளது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 33 டிகிரித் தோல் வெப்பத்துக்கென அமைக்கப்பட்ட நுண்புழை, ஒட்டுப்பட்டை கழன்று, 23 டிகிரிக் குளிரூட்டிய அறையின் காற்றில் தொங்குவதாகக் கொள்வோம். ஓட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். 46 மணி நேரத்தில் முடிய வேண்டியது சுமார் 57 மணி நேரம் நீளும். மாறாக, அதன் மேல் வெந்நீர்ப் பை வைத்து 43 டிகிரி ஆனால், சுமார் 38 மணி நேரத்திலேயே மருந்து தீர்ந்துவிடும். கீமோதெரபி மருந்து விரைவாக உட்செல்வது ஆபத்தானது.

காற்றுக் குமிழியும் கவனத்துக்குரியது. இன்சுலின் பம்பின் குழலில் 10 மைக்ரோலிட்டர் அளவுள்ள குமிழி இருந்தால், பம்பு சரியாகத் தள்ளினாலும் ஒரு யூனிட் இன்சுலினுக்குப் பதில் காற்றே செல்லும். கருவி தவறு செய்யவில்லை. மருந்து மட்டும் போய்ச் சேரவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

பலூன் பம்புடன் வீடு செல்வோருக்கு:

1. புறப்படும் முன் "கிளாம்ப் திறந்திருக்கிறதா?" என்று எங்களைக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

2. பலூனைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில மணி நேரத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஓர் இரவு கடந்தும் சிறுக்கவில்லையெனில் எங்களை அழையுங்கள்.

3. எந்த நேரத்தில் முடிய வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 46 மணி நேரப் பம்பு நான்கைந்து மணி நேரம் முன்பின்னாக முடிவது இயல்பே. அதைவிடப் பெரிதும் முன்னதாகத் தீர்ந்துவிட்டால், நோயாளி நலமாக இருப்பதாகத் தோன்றினாலும், நள்ளிரவானாலும், உடனே அழையுங்கள். மிகுதியான மருந்தின் விளைவுகள் சில நாட்கள் கழித்தே வெளிப்படக் கூடும். தொடக்கத்திலேயே அறிந்தால்தான் தகுந்த சிகிச்சை அளிக்க முடியும்.

4. தோலோடு ஒட்டிய நுண்புழை கழன்றிருந்தால் மீண்டும் ஒட்டுங்கள். அதன் மேல் வெந்நீர்ப் பையோ பனிக்கட்டியோ வைக்க வேண்டாம். பம்பை வெயிலிலும் குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கலாகாது.

5. பம்பை உயரத்தில் தொங்கவிடாமலும் தரையில் வைக்காமலும் உடலின் உயரத்திலேயே வையுங்கள். உறங்கும்போது தலையணைக்கு அருகில் வைத்துக்கொள்ளலாம். குழல் உடலின் அடியில் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலூனை அழுத்த வேண்டாம்.

6. மருந்து கசிந்தால் கிளாம்பை மூடுங்கள். வெறுங்கையால் தொடாமல் கையுறை அணிந்து, நாங்கள் தந்த பையில் இடுங்கள். தோலில் பட்டிருந்தால் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவிவிட்டு எங்களை அழையுங்கள்.

இன்சுலின் பம்பு அணிவோருக்கு: குழலில் குமிழி உள்ளதா என்று நாள்தோறும் பாருங்கள். குமிழியை வெளியேற்றும்போது குழலை உடலிலிருந்து கழற்றிய பின்னரே செய்யுங்கள். சர்க்கரை காரணமின்றி உயர்ந்தால், உணவை மட்டும் குறை கூறாமல், குழல் மடங்கியுள்ளதா, ஊசி இடம் மாறியுள்ளதா என்று பாருங்கள். பம்பில் உள்ளது விரைவில் செயற்பட்டு விரைவில் தீரும் இன்சுலின். ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே உடல்நிலை மோசமாகக் கூடும். அத்தகைய நேரத்துக்கென ஊசி மூலம் செலுத்தும் இன்சுலினைக் கையிருப்பில் வைத்திருங்கள்.

நிறைவாக

முப்பது மைக்ரோமீட்டர் சவ்வின் வளைவைக்கூட விட்டுவிடாமல் கவனிப்பவர்கள் இப்பம்புகளை உருவாக்குகின்றனர். மருந்தாளுநர்கள் அளந்து நிரப்புகின்றனர். செவிலியர்கள் பொருத்துகின்றனர். ஆனால் அடுத்த இரண்டு நாட்கள் அந்தப் பம்பின் அருகில் இருப்பவர்கள் நீங்களே. அதில் எச்சரிக்கை ஒலி இல்லை. உங்கள் கண்களே அதற்கு எச்சரிக்கை மணி. ஐயம் எழுந்தால், அது சிறியதென்று ஒதுக்காமல், சிகிச்சை அட்டையில் உள்ள எண்ணில் எந்நேரமும் அழையுங்கள். அன்று காலை வந்த அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்கு நாங்கள் இன்றும் நன்றி பாராட்டுகிறோம்.